நாச்சிமுத்து எட்டிப் பார்க்கவில்லை

காலைக் காபிக்கு முன்னால் என் இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவது என் மனைவி வேணியின் வேலை. இயந்திரம் உறுமி, கையை இறுக்கிப் பிடித்து, பிறகு மூச்சு விட்டு அடங்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அன்றும் திறந்தேன்.

"இருவத்தெட்டு நாளாச்சு. அந்தப் பய ஒருவாட்டி எட்டிப் பாத்தானா?"

வேணி எண்ணைப் பார்த்தாள். "நூத்தி இருவத்தாறுங்க. நல்லாருக்குது" என்று சொல்லிப் பட்டையைக் கழற்றினாள்.

அந்தப் பயல் என்றால் நாச்சிமுத்து. அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் முப்பத்துநான்கு வருடம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தோம். ரிட்டயர் ஆனதும் நான் ஊட்டி காந்தலில் வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் கீழ் கோத்தகிரியில் மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்க்கப் போய்விட்டான். தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்குப் போனில் அவன் என்னைத் திட்டுவான், நான் அவனைத் திட்டுவேன். எழுபத்தோரு வயதில் எல்லோரும் நம்மை 'சார்' என்றும் 'பெரியவரே' என்றும் கூப்பிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். 'டேய்' என்று கூப்பிட எனக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்து கிடக்கிறேன், அவன் வரவில்லை. திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறானாம். தகவல் சொல்லியாகிவிட்டது என்று வேணி சொன்னாள். திருப்பூர் என்ன சீமையிலா இருக்கிறது?

கோயமுத்தூர் டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது, "டென்ஷன் மட்டும் ஆகவே கூடாது" என்று சொல்லியிருந்தார். என் மகன் விஜயபாஸ்கர் அதைச் சட்டமாக்கிவிட்டான். என் போனை அணைத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டான். டிவியில் செய்தி கிடையாது. வெளியாட்களுக்கு ஆபரேஷன் விஷயமே தெரியக் கூடாது, தெரிந்தால் ஆளாளுக்கு வந்து எதையாவது பேசிப் பிரஷரை ஏற்றிவிடுவார்களாம். பேக்டரி கேட்டில் தினமும் எங்களைத் தடவிப் பார்ப்பார்கள், யாரிடமாவது தீப்பெட்டி இருக்கிறதா என்று. வெடிமருந்து இருக்கிற இடம், நியாயம். இப்போது என் வீட்டு வாசலில் அந்தச் சோதனை. யாரைப் பற்றி விசாரித்தாலும் "நல்லாருக்காங்க" என்றுதான் பதில் வருகிறது. ஊரில் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை. அப்படி ஓர் ஊரில் யாரால் குடியிருக்க முடியும்?

அன்று நவம்பர் முதல் செவ்வாய். உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் பேங்கில் வந்து விரல் ரேகை வைத்தால்தான் பென்ஷன்காரனுக்கு அடுத்த வருடம். நானும் நாச்சிமுத்துவும் எப்போதும் அந்தச் செவ்வாயில் சேர்ந்துபோய் வைத்துவிட்டு, டீயும் வர்க்கியும் சாப்பிட்டுப் பிரிவோம். பதினோரு வருடப் பழக்கம். இந்த வருடம் அதைப் போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்லியிருந்தான். நான் விடுவதாக இல்லை. இதற்காவது அவன் வந்துதானே ஆகவேண்டும், அங்கே வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்று திட்டவேண்டியதையெல்லாம் வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். டாக்டர் சொன்ன இருபது நிமிட நடை என்று வேணியிடம் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

பேங்கில் மங்கி குல்லாக்களின் வரிசை. நாச்சிமுத்துவின் பச்சை ஸ்வெட்டரைத் தேடினேன். எங்கள் ஷெட்டில் எனக்குப் பின்னால் சேர்ந்த மனுவேல்தான் கிட்டே வந்தான்.

"ஏகநாதண்ணா, கோயமுத்தூர்லயே தங்கிட்டீங்கன்னு சொன்னாங்க?"

"அதெல்லாம் இல்ல. நாச்சிமுத்து எங்க நிக்கறான்?"

மனுவேல் என் முகத்தையே பார்த்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்தான். "எடுக்கறப்பவும் உங்களக் காணோம், கருமாதிக்கும் காணோம். வெளியூர்ல இருக்கீங்கன்னுதான் நாங்க நெனச்சோம். உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?"

இருபது நாள் ஆகிறது என்றான். தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்றானாம். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் விரலை வைத்தேன். தேய்ந்த விரல், இரண்டு தடவை ஏறவில்லை. மூன்றாம் தடவை ஏறியது. "முடிஞ்சுதுங்க சார், இனி அடுத்த நவம்பர்தான்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபது நாள் நான் ஒரு செத்தவனைத் திட்டியிருக்கிறேன். கஞ்சன் என்றேன், நன்றிகெட்டவன் என்றேன், பஸ் காசுக்குப் பயந்து வராமலிருக்கிறான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டில் எனக்குப் பப்பாளி நறுக்கிக் கொடுத்தார்கள்.

"வேணிக்குப் போன் பண்ணு. கீழ் கோத்தகிரி போறேன்னு சொல்லு. தடுத்தா நிக்கமாட்டேன்னும் சொல்லிரு" என்று மனுவேலிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கோத்தகிரி பஸ் கிளம்புவதற்கு முன்னால் வேணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கச் சொல்வாள், நடத்துனரிடம் முறையிடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மடியில் மப்ளரை வைத்து, இரண்டு டிக்கெட் வாங்கினாள். பஸ் தொட்டபெட்டாவைத் தாண்டியது. வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

"மறைக்கச் சொன்னது யாரு?"

"பாஸ்கருக்குத்தானுங்க அவுங்க ஊட்ல இருந்து போன் வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னான். எனக்கும் பயமாப் போச்சு."

"தெனமும் அவனத் திட்டுனனே. கேட்டுட்டுத்தான இருந்த?"

வேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "திட்டுறப்ப உங்களுக்குப் பிரஷர் நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

கத்தவேண்டும் போலிருந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே பேசினாள், யாரிடமோ சொல்வதுபோல.

"இருவது நாளா ஒத்தையில வெச்சுட்டு இருந்தனுங்க. நீங்க அந்த மனுசனத் திட்டத் திட்ட நான் சமையக்கட்டுக்குப் போயி நின்னுக்குவனுங்க. எம்பட பிரஷர யாரு பாத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. அறுபத்தாறு வயது அவளுக்கு. அந்தப் பட்டையை எடுத்து அவள் கையில் சுற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கோபம் போகவில்லை. ஆனால் அதை அவள்மேல் மட்டும் வைத்திருப்பது முடியாமல் போயிற்று.

"இனிமே எதையும் மறைக்காத வேணி. தெரிஞ்சு சாவறேன், பரவால்ல. ஒண்ணும் தெரியாம உசுரோட இருக்கறது எனக்கு வேண்டாம்."

அவள் மப்ளரை எடுத்து என் கழுத்தில் சுற்றினாள். பிறகு அவன் எப்படி இறந்தான் என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் சொன்னாள்.

கோத்தகிரியில் பஸ் மாறி, கீழ் கோத்தகிரியில் இறங்கி மேட்டில் ஏறவேண்டும். படி, மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. மூன்று இடத்தில் நின்றேன். நில்லுங்கள் என்றும் வேணி சொல்லவில்லை, திரும்பலாம் என்றும் சொல்லவில்லை.

நாச்சிமுத்துவின் மனைவி ராக்கம்மா வாசலில் விறகைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து நிமிர்ந்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லமாட்டார்கள்தான். இது அதனாலா அல்லது கோபத்தாலா என்று எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்காக அரை மணி நேரம் வெச்சிருந்தமுங்ணா. பாஸ்கர் தம்பி சொல்லிர்றேன்னாப்ல. மழ புடிச்சுருச்சு, அப்பறம் எடுத்துட்டாங்க."

வேணி என்னைப் பார்த்தாள். காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை, ஊரில் இல்லை, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். குடும்பத்துக்கும் மரியாதையாக இருந்திருக்கும்.

"எனக்குச் சொல்லலீங்க அம்மிணி. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுட்டு ஊட்ல கெடந்தேன். சொன்னா எம்பட ஒடம்பு கெட்டுருமுன்னு மறைச்சுட்டாங்க. நான் கெடந்தத உங்களுக்கும் சொல்லல."

வேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்கம்மா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"ஸ்டென்ட்டா? அவருக்குத் தெரியாதுங்களே. உங்க போன் அணைஞ்சு கெடக்குதுன்னு தெனமும் அஞ்சு மணிக்கு ஒரே திட்டுங்க. பாஸ்கர் தம்பிக்குப் போட்டுக் கேளுங்கன்னேன். மாட்டேன்னு வீம்பு. போறதுக்கு முந்துன நாள் சாயந்திரம் வரைக்கும் திட்டுனாருங்ணா."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சந்தோஷமேதான். அவன் என்னை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. எட்டு நாள் விடாமல் திட்டியிருக்கிறான். அதற்குப் பின்னாலேயே அழுகை வந்தது, நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் நான் முயலவில்லை.

"என்னன்னு திட்டுனான்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்ணா. உங்க ஒடம்பு இருக்கற இருப்புல..."

"எம்பட ஒடம்ப உடுங்க அம்மிணி. அது எனக்குச் சொன்னது. ஒண்ணு உடாமச் சொல்லுங்க."

ராக்கம்மா வேணியைப் பார்த்தாள். வேணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

ராக்கம்மா வாசலிலிருந்து இறங்கி, தேயிலையின் முதல் இரண்டு வரிசைகளுக்கு நடுவே போனாள். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் புல் முளைக்காமல் மண் மிதிபட்டுக் கெட்டித்திருந்தது. அதன்மேல் ஏறி நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறுகையைக் காதில் வைத்துக்கொண்டு, அவனைப்போலவே இரண்டு தடவை கனைத்தாள்.

"டேய் ஏகநாதா" என்று ஆரம்பித்தாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து செடிகளை மூடிக்கொண்டிருந்தது. அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.