பேருந்தை விட்டு இறங்கிய அம்மா

மகள் பள்ளியிறுதித் தேர்வில் தொண்ணூற்றேழு சதவீதம் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் கல்லூரிப் பேருந்தை ஓட்டுபவள் அவளுடைய அம்மாதான். மகள் விண்ணப்பித்தபோது அம்மாவும் தன் பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடியெடுத்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு படிவத்தை நிரப்பினாள். அவள் மதிப்பெண்ணும் லேசுப்பட்டதல்ல.

‘ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு மகள் மூன்று பக்கம் எழுதினாள். அம்மா எழுதியது இரண்டே வரி: ‘பதினான்கு வருடமாகப் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். ஒருநாள் நானும் இறங்க வேண்டும்.’

முதல் பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது. மகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தாள்.

"என் சீட்டைத் தட்டிப் பறிச்சிட்டியேம்மா!" என்று மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. நல்லவேளை, அடுத்த வாரமே மகளுக்கும் இடம் கிடைத்தது.

முதல் நாள் அம்மா பேருந்தை ஓரங்கட்டிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினாள்.

"கிளாஸ்ல என்னை அம்மான்னு கூப்பிடாதே."

"பின்னே எப்படிக் கூப்பிடறதாம்?"

"சீனியர்னு கூப்பிடு. எனக்கு ஒரு வாரம் முன்னாடியே சீட்டு கிடைச்சிடுச்சு இல்ல?"