பன்னிரண்டு மீட்டர்

பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் ஒரு சாண் முந்திக்கொண்டு இறங்கியது.

"மெதுவா, மெதுவா! ரெண்டு பக்கமும் சமமா விடுங்கப்பா!" என்று குழியருகே நின்ற பெரியப்பா அதட்டினார். கயிற்றைப் பிடித்திருந்த நால்வரும் ஆயிரம் பெட்டிகளை இறக்கியவர்கள். பெரியப்பாவோ வாழ்க்கையில் எதையும் இறக்கியதில்லை, குரலைக்கூட.

மகள் குழியைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கியவள் அவள்தான். எவ்வளவு தாமதித்து இறக்கினாள் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அறுபத்திரண்டு வயதில் அப்பாவை டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது அலுப்பு என்றார் அப்பா. சரி, ஏறுங்கள் என்று மகள் தன்னோடு அவரையும் டயர் கிடங்குக்குப் பின்னாலிருந்த பாறையேற்றப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். பாறை என்பது பெயருக்குத்தான். ஒட்டுப்பலகைச் சுவர், கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகள். உயரம் பன்னிரண்டு மீட்டர்.

முதல் இரண்டு வகுப்பும் யாரும் தரையை விட்டுக் கிளம்பவில்லை. எட்டு வடிவ முடிச்சு, இடுப்புப் பட்டையின் கொக்கி, ஏறுகிறவரைக் கயிறு பிடிக்கிறவர் சோதிப்பது, அவரை இவர் சோதிப்பது. பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் முடிச்சுகளோடு மல்லுக்கட்டிய அப்பாவுக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்தது. மகளின் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார்.

"போதும்ப்பா, நான் என்ன பார்சலா?"

"பார்சலா இருந்தா ஒரு தடவை போதும்டி."

கோச் ஒரே ஒரு விஷயத்தில் கறார். மேலே இருப்பவர் "இறக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கீழே இருப்பவர் கயிற்றைத் தளர்த்தக் கூடாது.

மூன்றாவது வகுப்பில் அப்பா உச்சிவரை போய்க் கடைசிப் பிடியைத் தொட்டார். அப்புறம் சுவரைப் பார்த்தபடியே தொங்கினார். கீழே மகள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். "இறக்கு" வராமல் போகவே, "என்னப்பா, மேல வாடகைக்கு வீடு பாக்குறீங்களா?" என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோச் திரும்பிப் பார்த்து ஓடிவந்த பிறகுதான் இறக்கினாள்.

மாரடைப்பு. முன்னாடியே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள். "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். மாட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய்த்த டாக்டர் நேர்மையானவராகப் போய்விட்டார்.

வீடு திரும்பியதும் பெரியப்பா கூடத்தில் பெரிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் தம்பியின் வீரமரணத்தை விளக்கினார். முதலில் வந்தவருக்கு அது குன்று. நாலாவதாக வந்தவருக்கு மலை. சாயங்காலத்துக்குள் அதன்மேல் பனியும் பெய்யத் தொடங்கிவிட்டது.

"சிகரத்தைத் தொட்டுட்டுத்தான் உயிரை விட்டான் என் தம்பி!" என்ற குரல் சமையலறை வரை வந்தது.

"உங்க பெரியப்பா ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டவே ரெண்டு பேர் பிடிக்கணும்" என்றாள் அம்மா, தொட்டியில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே. மகள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அந்தத் தட்டை இப்படி நகத்து."

நகர்த்தினாள். "அப்பா மேல போனதும் நான் உடனே இறக்கலம்மா. அவர் சொல்லுவாரு, சொல்லுவாருன்னு நின்னுட்டிருந்தேன்."

அம்மாவின் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும். கூடவும் இருக்கலாம். கிண்டல் வேற பண்ணினேன்."

"என்னன்னு?"

"மேல வாடகைக்கு வீடு பாக்குறீங்களான்னு."

கூடத்தில் பெரியப்பா யாருக்கோ பனியின் ஆழத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாரா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா. முகம் சுவர்ப் பக்கமா இருந்துச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். குழாயை மூடினாள், மறுபடி திறந்தாள். துடைத்து அடுக்கியிருந்த வரிசையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து, முதலிலிருந்து கழுவத் தொடங்கினாள். அடியை, விளிம்பை, மறுபடி அடியை.

மகள் துணியை விரித்துப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவசரப்படுத்தவில்லை.