டோனட் பெட்டியோடு ஒரு ஷெரிஃப்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. எங்கள் அமெரிக்கக் கவுண்டி நாளிதழில் முதல் பக்கம். நீதிமன்றப் படிக்கட்டில் நீளத் துப்பாக்கிகளோடு வெள்ளைக்காரர்கள். இந்த அரசாங்கம் இன்றோடு செல்லாது என்று அறிக்கை படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் கவுண்டி போலீஸ் தலைவர் ஷெரிஃப் கிம்பல், கையில் டோனட் பெட்டி. எல்லோர் உதட்டிலும் சர்க்கரை.

முதல் வாக்கியம்: துப்பாக்கி ஏந்திய கும்பல் ஒன்று நீதிமன்ற—

வேண்டாம். சிரிக்கிறார்களே. 'கும்பல்' என்பதை 'ஆட்கள்' என்று மாற்றினேன்.

2

கதைக்கு ஒரு மனுஷி வேண்டும். வெர்னெட். போலீஸ் அவசரத் தொலைபேசி அறையில் வேலை. யார் கூப்பிட்டாலும் இரண்டு கேள்வி: ஆயுதம் இருக்கிறதா, ஆள் வெள்ளையா கருப்பா. பதிலை வயர்லெஸில் ஷெரிஃபுக்குச் சொல்ல வேண்டும்.

(முதலில் அவளை வெள்ளைக்காரியாக எழுதினேன். கதை இரண்டாம் பத்தியிலேயே தூங்கிவிட்டது. வெர்னெட் கருப்பினப் பெண்.)

அடுத்த வாரம், காலை. அவள் சமையலறை மேஜையில் தம்பி ஆம்புரோஸ் துப்பாக்கி துடைக்கிறான்.

"அதே படிக்கட்டு, அதே அறிக்கை. நாங்களும் ஒரு வார்த்தை மாத்தாமப் படிக்கப்போறோம்க்கா. துப்பாக்கியோட நிக்கிறதுக்கு இந்த மாநிலத்துல தடையே இல்ல."

"அவனுங்களுக்குத் தடையில்லடா. உங்களுக்குக் கவச வண்டி வரும்."

"அதையும்தான் பாத்துருவோமே."

"பாக்குறதுக்கு நீ இருக்கணுமே, மடையா."

(இங்கே அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.)

3

மதியம். நீதிமன்றத்துக்கு எதிர்ப் பூக்கடையிலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள்.

"கோர்ட்டு வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறாங்க. எல்லாம் கரு—"

"சுட்டாங்களா மேடம்?"

"இல்ல. ஏதோ காகிதத்தப் படிக்கிறாங்க. ஆனா அவங்க எல்லாம்—"

"கதவச் சாத்திட்டு உள்ள இருங்க. நான் சொல்லிடுறேன்."

வெர்னெட் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. வயர்லெஸை எடுத்தாள்.

"கோர்ட்டு வாசல், ஷெரிஃப். துப்பாக்கியோட ஆளுங்க. அரசாங்கம் செல்லாதுன்னு படிக்கிறாங்க. அமைதியாத்தான் இருக்காங்க."

"திரும்பவும் வந்துட்டானுங்களா நம்ம பசங்க?" கிம்பல் சிரித்தார். "கவச வண்டியெல்லாம் எதுக்கு, நானே போறேன். டோனட் என்ன வாங்கட்டும் கண்ணு?"

ஆம்புரோஸுக்குச் சாக்லேட்தான் பிடிக்கும்.

"சாக்லேட் வாங்குங்க ஷெரிஃப்," என்றாள்.*

* இது ஏமாற்று வேலை என்றார் கையெழுத்துப் படியைப் படித்த நண்பர். ஷெரிஃப் கேட்காததை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'நம்ம பசங்க' என்றது ஷெரிஃப்.

4

கிம்பல் காரை விட்டு இறங்குகிறார். இரண்டு கையிலும் பெட்டி. நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே, துப்பாக்கி ஏந்திய கும்பல்.

பாருங்கள், அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அடித்து நீக்கவில்லை. சாட்சிக்கு இருக்கட்டும்.

முடிவு அ: பெட்டியை நீட்டுகிறார். ஆம்புரோஸ் ஒன்றை எடுத்துக் கடிக்கிறான். நண்பர் சொன்னார்: "நம்பவே முடியலப்பா." முதல் பிரிவை அவர் ஒரு கேள்வியும் இல்லாமல் நம்பியிருந்தார்.

முடிவு ஆ: பெட்டி விழுகிறது. இதை ஒரு சொல்கூடத் திருத்தாமல் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கை அவ்வளவு பழகியிருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

முடிவு இ: கிம்பல் ஒரு கணம்—

5

அறையில் வெர்னெட் வயர்லெஸைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். "ஷெரிஃப்? இருக்கீங்களா?" மறுபடியும் கூப்பிடுகிறாள்.

கிம்பலின் துப்பாக்கி இடுப்பில்தான் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் பெட்டியை விட வேண்டும். இன்னும் விடவில்லை. அடுத்த வரியை நான் எழுதினால் அவர் கை காலியாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

இதுவரை படித்தவர் நீங்கள்; அடுத்த வரியை நீங்களே சொல்லுங்கள். ஆம்புரோஸ் அங்கேதான் நிற்கிறான், கையில் அந்தக் காகிதத்தோடு. பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?