யோகராசாவின் தோளில் குருவிச்சை

உயிலங்குளத்தில் மீள்குடியேறிய ஆண்டின் மாரியில் யோகராசாவின் இடது தோளில், மரக்கிளைகளில் ஒட்டி வளரும் குருவிச்சை முளைத்தது. அந்த மாரியில் குளம் நிரம்பி வான்பாய்ந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. தோள் விஷயத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. முகாமிலிருந்து வந்த நாள் தொட்டு அவர், சண்டையில் செல்லடி பட்டு அழிந்த வேம்பு நின்ற இடத்தில் கதிரையைப் போட்டு, மேற்சட்டை இல்லாமல், பேசாமல் அசையாமல் இருந்தார். வழக்கமாக வேம்புக்கு வரும் சின்னக் குருவி மரத்தைக் காணாமல் அவர் தோளில் குந்தி, வாலடியில் ஒட்டிக்கொண்டிருந்த பிசுபிசுத்த விதையைத் தேய்த்துவிட்டுப் பறந்தது.

இரண்டு இலை விட்டதும் மனைவி சிவக்கொழுந்து பிடுங்கப் பார்த்தாள். அவர் போட்ட கத்தலில், மாதக்கணக்காய் யாரும் கேளாத அவர் குரல் அடுத்த வளவு வரை போனது. முருங்கன் ஆசுப்பத்திரி டொக்டர் தடவிப் பார்த்து, வேர் சதைக்குள் இறங்கிவிட்டது, வெட்டுவதென்றால் சுணங்காமல் வாருங்கோ என்று சொல்லி, பூசக் களிம்பும் கொடுத்தனுப்பினார். அதன்பின் யோகராசாவுக்கு அடங்காத தாகம். குடம் குடமாய்க் குடித்தும் மெலிந்தார்.

"இஞ்சேருங்கோ, குருவிச்சை பிடிச்ச மரம் காஞ்சு போறதை நான் கண்டிருக்கிறன்," என்றாள் சிவக்கொழுந்து. "இருந்த ஒரு பிள்ளையையும் சண்டையிலை குடுத்திட்டம். உங்களையும் இது திண்டு முடிச்சா நான் ஆரோடை இருக்கிறது?"

அவர் தோளைத் திரும்பிப் பார்த்தார். உண்மையில் தின்கிறதா என்று அறியும் ஆசை பிடித்துக் கதிரையை விட்டு எழுந்தார். அவள் நட்ட பாகல், மெல்லிய சுருள் கையால் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பயற்றைக்குக் கையே இல்லை. உடம்பையே தடியில் முறுக்கி ஏறியது. இரண்டும் தடியில் சாய்ந்ததே தவிர, தீனியைத் தம் காலடி மண்ணில்தான் எடுத்தன. குளக்கட்டுப் பற்றையில் மஞ்சள் நூலாய்க் கொத்தான் படர்ந்து கிடந்தது. மண்ணைக் கிளறி வேர் தேடினார், இல்லை. இலையென்று சொல்லவும் ஒன்றில்லை. அது உண்டதெல்லாம் பற்றையினுடையதுதான். தன் தோளில் இருப்பதற்கும் மண்ணில் வேர் இல்லை, ஆனால் தடித்த பச்சை இலைகள் இருந்தன. மற்றவன் சோற்றில் வாழ்கிறதுக்கு இலை எதற்கு? இந்தக் கேள்வியோடு அவர் வரம்பு வரம்பாய் நடந்தார்.

கடைசியில் செடியைச் சாக்கால் மூடிக் கட்டினார். அவர் வயிறாரச் சாப்பிட்டும், குடம் குடமாய்க் குடித்தும், உள்ளே இலைகள் வெளிறி உதிர்ந்தன. சாக்கை அவிழ்த்து வெயிலில் நின்றார். புதுத் தளிர் வந்தது.

அவர் குசினியின் அடுப்படிக்குப் போனபோது, சிவக்கொழுந்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிவக்கொழுந்து, இது என்ரை சோத்திலை கை வைக்கேல்லை. வெயிலிலை தானே சமைக்குது. என்னட்டைத் தண்ணியும் கொஞ்ச உப்பும்தான் கேக்குது."

"அப்ப உந்த மெலிவு?"

"இதுக்கு முன்னம் நான் எவ்வளவு காலம் ஒழுங்காச் சாப்பிடாமல் கிடந்தனான்? அதுக்கு இது என்ன செய்யும்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காலில் சேறு, கண்ணில் ஒரு அவசரம். மகன் போனபின் அவர் அவளோடு இவ்வளவு பேசியதில்லை. பையிலிருந்த துவாயை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"ஓம், இருக்கட்டும். ஆனா ஒரு கிளைக்கு மேலை நான் விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

அப்படியே மாரிக்கு மாரி கிளை கழித்துவிட்டாள். அவர் வயல் செய்தார், மிளகாய் போட்டார், உடம்பும் தேறியது. இப்போது அவர் மன்னார் பஸ்ஸில் ஏறினால், வெயில் விழும் பக்கம் இருப்பவர் எழுந்து இடம் விடுவார். பூக்காலமென்றால், குருவிகள் வந்துபோக யன்னலையும் திறந்துவிடுவார்கள்.