சரியான விடை: மகிழ்ச்சி

வாசித்து விளங்கிக்கொள்ள நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றுதான். பந்தியை வாசி, கொஞ்சம் நிறுத்து, உன் வீட்டில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசி. பயிற்சியில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், என் ஐந்தாம் வகுப்பில் சுலக்ஷனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அட்டன் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் வாசிப்புப் பரீட்சை வைத்து ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகளை எடுத்தது. அவளைத் தைரியமாக அனுப்பினேன்.

இடம் கிடைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. விடைத்தாளைக் காட்டுங்கள் என்று போய் நின்றேன்.

பந்தியில், வேலைக்குப் போன அம்மா மழையால் மத்தியானமே வீடு திரும்புகிறாள். வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது கேள்வி. 'கவலையாக இருந்திருக்கும். அம்மாவுக்கு அரைப் பேர்தான் போட்டிருப்பார்கள்' என்று எழுதியிருந்தாள். பிழை என்று சிவப்பு மையில் ஒரு கோடு. சரியான விடை மகிழ்ச்சியாம். அந்த ஒரு கேள்வியில்தான் இடம் போயிருக்கிறது.

தோட்டத்தில் பாதி நாளில் திரும்பினால் பாதிச் சம்பளம். அதைத்தான் அரைப் பேர் என்பார்கள். திருத்தியவர் சோலைமலை சேர். பொகவந்தலாவையில் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்.

"சேர், அரைப் பேருன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க ரினோஸா டீச்சர்? எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்காக இதையெல்லாம் எழுதலாமா? லயத்துப் புள்ளைன்னு பச்சையா தெரியுது. இங்க வந்தா மத்தவங்க சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்கல சேர். நீங்கதான் வெக்கப்படுறீங்க."

அவர் விடைத்தாளை மடித்து உள்ளே வைத்தார்.

உன் விடையில் பிழை இல்லை, அவர்கள் எதிர்பார்த்தது வேறு என்று சுலக்ஷனாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் புதுப் பந்தி. ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் வருகிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். எப்போதும் முதலில் தூக்கும் கை இன்று எழும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சுலக்ஷனா எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுல நடக்குறத சொல்லவா டீச்சர், இல்ல அவங்களுக்குப் புடிச்சத சொல்லவா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வகுப்பே என் வாயைப் பார்த்தது. அடுத்த மாதம் இன்னொரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரீட்சை இருக்கிறது.

"அவங்களுக்குப் புடிச்சத சொல்லு" என்றேன்.