அளந்து போடாத வீடு

"அந்த இலையிலேருந்து கைய எடுடி."

ஆதிமூலம் குரலை உயர்த்தவில்லை. அவர் குரல் உயராத நேரத்தில்தான் அந்த வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் அடுக்களைப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. அன்று வெற்றிலைப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போய், அதை எடுக்கத் திரும்பி வந்தார். மருமகள் கலியம்மாள், ஏழு மாத வயிற்றோடு, புருஷன் சாப்பிட்டுப் போன இலையின் முன் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி மகள் தனக்கொடி அந்த இலையில் இருந்த சோற்றை அள்ளி ஒரு சின்னப் பித்தளைத் தராசில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க பெரியப்பா, முள்ளு ஆடுது."

"முள்ளு ஆடறது தெரியுது. நா ஆடறது தெரியலயா ஒனக்கு?"

முள் நிற்கும்வரை தனக்கொடி நிமிரவில்லை. ஒரு தாளில் எண்ணை எழுதிவிட்டு, சோற்றை இலையிலேயே திரும்ப வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"இன்னைக்கு ஏழாம் நாளு பெரியப்பா. இதோட முடிஞ்சிது."

"ஏழு நாளா நடக்குதா இந்தக் கூத்து?" ஆதிமூலம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

விருத்தாம்பாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பொட்டப்புள்ள செப்பு வச்சி வெளையாடறாப்புல வெளையாடுதுன்னு உட்டுட்டன். நா இன்னாத்த கண்டன்?"

"ஒங்களதும் எடை போட்டேன் பெரியப்பா," என்றாள் தனக்கொடி. "பரிமாறறதுக்கு முன்னாடி, இங்கயே."

தம் வயிற்றுக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்டதுபோல் இருந்தது ஆதிமூலத்துக்கு. அறுபத்திரண்டு வயது. பிரெஞ்சு ஆட்சியின் கொம்யூன் சபையில் இரண்டு தடவை உறுப்பினராக உட்கார்ந்தவர். அவர் இலையில் என்ன விழுந்தது என்று கணக்கெடுக்க அவர் வீட்டிலேயே ஒருத்தி.

தனக்கொடியின் அப்பா சிவப்பிரகாசத்துக்கு சைகோனில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். போர் நடந்த வருஷங்களில் அவனிடமிருந்து கடுதாசியே இல்லை. போர் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் ஆள் வந்து சேரவில்லை. பெண்ணுக்குப் பொறுப்பு அண்ணன்தான். சென்னையில் பெண்கள் கல்லூரியில் புதிதாக ஒரு பட்டப்படிப்பு வந்திருக்கிறது, குடும்ப நிர்வாகம் சொல்லித்தருகிறார்கள் என்றபோது, பூவேலை, தையல் என்று ஏதோ கற்றுக்கொண்டு வருவாள் என்றுதான் அவர் அனுப்பினார். மூன்றாம் வருஷம் தசரா விடுமுறைக்குத் தராசோடு வந்து நிற்கிறாள். எந்தச் சோற்றில் என்ன சத்து, எந்த வயதுக்கு எவ்வளவு வேண்டும், எந்த நோய்க்கு எது ஆகாது, இதுதான் படிப்பாம்.

"சோறு துன்றதுக்கு ஒரு பி.எஸ்ஸி.யா? அடுத்தது மூச்சு வுடறதுக்கும் காலேசு வப்பானா?"

"துன்றதுக்கு இல்ல பெரியப்பா. துன்னாதவங்களக் கண்டுபுடிக்க."

அவள் தாள்களை நீட்டினாள். ஒரு குடும்பம், ஏழு நாள், ஆளுக்கு எவ்வளவு. அடியில் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட ஒரு கோடு. திங்கட்கிழமை புறப்பட்டுப் போய் அந்தக் கையெழுத்தோடு புதன்கிழமைக்குள் கொடுத்தால்தான் கடைசிப் பரீட்சையில் உட்கார விடுவார்கள். இல்லாவிட்டால் மூன்று வருஷமும் வீண்.

ஆதிமூலம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளில் முதல் பெயர் அவருடையது. அரிசி, நாளைக்கு இருபது அவுன்ஸ்; பருப்பு, தயிர், நெய், வெல்லம் என்று பக்கத்துக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. அடுத்து மகன் சாமிநாதன், பதினெட்டு. விருத்தாம்பாள், பதின்மூன்று. அதற்குக் கீழே கலியம்மாள், எட்டு. பக்கத்துக் கட்டங்களில் வெறும் கோடு.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பெயர் இருந்தது. பாஞ்சாலை, களையெடுக்கிற ஆள். கேழ்வரகும் அரிசியுமாகப் பதினாறு.

"சேரிக்காரி பேரு எங்கூட்டு வரிசையில எப்பிடி வந்துது?"

"அவளும் ஒங்க நெல்லதான் துன்றா. அண்ணி மாதிரி அவளுக்கும் ஏழு மாசம். அதனால கேட்டு எழுதினேன்."

ஆதிமூலம் கண்ணாடியைக் கழற்றினார். "இது அளந்து போடாத வூடு. தெரியுமா ஒனக்கு?"

அவளுக்குத் தெரியாமல் என்ன? ஏம்பலத்தில் மட்டுமல்ல, வில்லியனூர்ச் சந்தையில் எந்த வண்டிக்காரனைக் கேட்டாலும் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் ஆதிமூலத்தின் தாத்தா வாசலில் ஒன்பது பானை வைத்து வந்தவருக்கெல்லாம் கஞ்சி வார்த்தார். அகப்பைக் கணக்கு இல்லாமல் வார்த்தார். அன்று வந்த பெயர் அது. போர்க்காலத்தில் ஊர் முழுக்க அரிசியை ஆழாக்கில் அளந்து உலை வைத்தபோதும் இந்த வீட்டில் கையால்தான் அள்ளிப் போட்டார்கள். அளந்து கொடுப்பது கூலிக்காரனுக்கு. அளந்து வைப்பது மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. வீட்டு மனுஷிக்கு அளவு ஏது?

"அவள துன்னாதன்னு சொன்னவங்க யாரு?"

"துன்னுன்னு சொன்னவங்களும் யாரும் இல்லியே பெரியப்பா."

"புள்ள பெருத்துப் போச்சின்னா அப்பறம் யாரு முக்கறது?" என்று விருத்தாம்பாள் இடையில் புகுந்தாள். "வயித்துக்காரி அர வயிறுதான் துன்னணும். எங்க மாமியாரு எனக்குப் போட்டதுதான் நா இவளுக்குப் போடறன்."

"அண்ணியோட ரெண்டு புள்ளையும் பூனக்குட்டி கணக்கா பொறந்து பத்து நாளு கூட தங்கல பெரியம்மா."

"அது அவ ராசி."

கலியம்மாள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு அவளிடம் ஓர் அடையாளமும் இல்லை.

ஆதிமூலம் தாள்களை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பத்திரம் பதிகிற நோத்தேர் முன்னால் மட்டும் போடுகிற கையெழுத்து அது, பிரெஞ்சு எழுத்தில், அடியில் சுழித்துப் போடுவது. எட்டு அவுன்ஸுக்குக் கீழே போடுவதற்கா?

"திங்கக்கெழம வண்டி கட்டமாட்டாங்க. நீ படிச்சது போதும். தராச எடுத்து நெல்லுக் குதிருக்குப் பின்னால போடு."

வெயில் தாழ்ந்த நேரத்தில் கரியமாணிக்கத்திலிருந்து சம்பந்தி அரங்கநாதன் வந்தார். ஒரு தார் வாழைப்பழம், ஒரு கூடை முறுக்கு. வந்தவர் மகளை ஒரு தரம் பார்த்தார். கைவளையல் முழங்கைவரை ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு துண்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு மாசம் நம்ம வூட்ல வச்சிருந்து அனுப்பறன் சம்மந்தி. அவங்கம்மா ஆசப்படறா."

"மொத பிரசவத்துக்கு இட்டுக்கினு போனீங்க, சரி. மூணாவதுக்கும் பொறந்த வூடா? ஊரு இன்னா சொல்லும்? ஆதிமூலம் வூட்ல சோத்துக்கு இல்லன்னு சொல்லாது?"

"அப்பிடி யாரு சொல்லுவா?"

"சொல்லக் கூடாது. அதான். ஒங்க பொண்ணுக்கு இந்த வூட்ல ஒரு நாளாவது அளந்து போட்டிருக்கமா? கேட்டுப் பாருங்க."

அரங்கநாதன் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

அந்தி வேளையில் தோட்டத்து வாசலில் கூலி அளந்தார்கள். கங்காணி சூசைநாதன் பெயர் சொல்வான், ஆதிமூலம் தம் கையாலேயே படியில் நெல்லை முகந்து தலைதட்டி, பெண்கள் ஏந்திய மடியில் உயரத்திலிருந்து கொட்டுவார். படி அவர்கள் சேலையில் படாது. அரங்கநாதன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பாஞ்சாலை, ரெண்டு படி."

இரண்டாவது படி விழுந்ததும் பாஞ்சாலை மடியைப் பார்த்தாள். "ஆண்டே, ரெண்டாவது படி கொறையா உழுந்துது. ஒரு கை போடுங்க."

ஒரு கை போட்டார். அதில் அவருக்குக் கோபம் இல்லை. கூலிக்காரி கேட்பாள், அளவென்று ஒன்று இருக்கிறதே. பாஞ்சாலை நகர்ந்தாள். அடுத்த மடி முன்னால் வந்தது. ஆதிமூலம் படியை நெல்லில் இறக்கி, முகந்து, தலைதட்டி நிமிர்ந்தார். கைவளையல் முழங்கைக்குச் சரிந்திருந்தது. சேலை ஈரச் சேறு படாத சேலை.

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் நிழல்கூட அவள்மேல் விழாதபடி நாலடி விலகினார்கள். கலியம்மாள் அவர்கள் பக்கமாகவே ஓரடி நகர்ந்து நின்றாள்.

"இன்னாடி இது?"

"எனக்கும் அளந்துடுங்க மாமா."

"உள்ள போ."

"போறன். அளந்துடுங்க. ஆளுங்களுக்கு அளவு இருக்குது, கொறஞ்சா கேக்குதுங்க. எனக்கு அளவு இல்ல. இன்னான்னு சொல்லிக் கேப்பன்?"

கட்டில் கிறீச்சிட்டது. அரங்கநாதன் எழுந்து நின்றார். "சம்மந்தி, அளந்து போடாத வூடுன்னீங்களே..." துண்டை உதறித் தோளில் போட்டார். "எம்மா, கெளம்பு. வண்டி நிக்குது."

"நா வரலப்பா."

மகளிடமிருந்து அப்படி ஒரு சொல்லை அவரும் கேட்டதில்லை, ஆதிமூலமும் கேட்டதில்லை. அவள் குரலே எப்படி இருக்கும் என்று அந்த முற்றத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"கல்யாணமாயி ஆறு வருசம் ஆவுது. நீ துன்னியான்னு எங்கிட்ட யாரும் கேட்டதில்ல. நீயுந்தான் கேக்கலப்பா. தனக்கொடிதான் ஏழு நாளும் கேட்டா. நா சொன்னத எழுதி வச்சா. அந்தக் காயிதம் மாமா இடுப்புல இருக்குது. அதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நா உள்ள போறன். இல்லன்னா நாளைக்கும் இங்கதான் நிப்பன், நாளன்னைக்கும்."

சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டான். விருத்தாம்பாள் பின்கதவு நிலையைப் பிடித்தபடி, "ஐயையோ, மருமவளுக்குக் காத்து கீத்து பட்டுதா, இன்னான்னு பாருங்களேன்," என்றாள். யாரும் பார்க்கவில்லை.

ஆதிமூலம் கையில் நிறைந்த படியோடு நின்றார். கேட்டவருக்கு இல்லை என்றால், ஒன்பது பானை வைத்த தாத்தாவின் பேரன் இல்லை என்று ஆகும். அளந்து போட்டால், போட்டது யாருக்கு என்று நாளைக் காலையில் பாகூர்வரை போகும். அவர் படியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் நெல்லை அள்ளினார். அள்ளிப் போட்டுவிட்டால் மானம் மிஞ்சும் என்று தோன்றியது.

கலியம்மாள் மடியைச் சுருட்டிக்கொண்டாள்.

"படியால போடுங்க மாமா. தலதட்டியே போடுங்க. ஆளுக்கு எவ்ளோவோ அவ்ளோ போதும். அதுல கொறைய வேணாம்."

அவர் அளந்தார். இரண்டு படி. பழக்கத்தில் கை உயரத்திலிருந்தே கொட்டியது. நாலு மணி நெல் சிதறியது. கலியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவற்றையும் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

தனக்கொடி பேனாவோடு வந்து நின்றாள். ஆதிமூலம் இடுப்பிலிருந்து தாள்களை எடுத்தார். படியைக் கவிழ்த்து, அதன் முதுகில் வைத்து, கோட்டின் மேல் பிரெஞ்சு எழுத்தில் பெயரைப் போட்டார். அடியில் சுழிக்கவில்லை.

"எடுத்துக்கினு போ. பட்டம் வாங்கு. ஆனா அந்தத் தராசு திரும்பி இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"ஏறாது பெரியப்பா," என்றாள் தனக்கொடி.

திங்கட்கிழமை வண்டி கட்டினார்கள். தனக்கொடி தாள்களையும் தராசையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள். அன்று அந்தியில் கூலி அளக்க ஆதிமூலம் கை நீட்டினார். சூசைநாதன் படியைக் கொடுக்கவில்லை. குதிரிலும் இல்லை, கொட்டகையிலும் இல்லை என்றான்.

ஆதிமூலம் தாமே தேடிக்கொண்டு போனார். படி அடுக்களையில் இருந்தது, அரிசிப் பானைக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்து. எதிரில் கலியம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் சாப்பிட இன்னும் நேரம் இருந்தது. அவள் முன்னால் கிடந்தது புது இலை. அவரைப் பார்த்ததும் அவள் எழவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

அவர் படியைத் தொடவில்லை. பிறகு தோட்டத்து வாசலுக்குத் திரும்பி வந்து, சூசைநாதனிடம் நாளைக்கு வில்லியனூர் போய் வேறு படி ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

அன்றைக்கு மட்டும், காத்திருந்த பெண்களுக்கெல்லாம் கையால் அள்ளிப் போட்டார்.

"ஆண்டே, இது கொறையுது," என்றாள் பாஞ்சாலை.