நீல மூடி போட்ட டப்பா

"உங்களுக்கு எல்லாம் நார்மல்தாம்மா" என்று டாக்டர் சொன்னபோது, அந்த மேஜையை அப்படியே புரட்டிப் போடலாம் போலிருந்தது பிரேக்கக்காவுக்கு. டாக்டர் கெட்டவர் இல்லை. சின்ன வயசு, களைத்த முகம், நோயாளி உட்கார்ந்ததும் தன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிற நல்ல பழக்கம் வேறு. கண் மட்டும் கம்ப்யூட்டரை விட்டு நகரமாட்டேன் என்றது. மாதவிலக்கில் அளவுக்கு மீறி இரத்தம் போகும் பெண்களுக்காக அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. புது மாத்திரை ஒன்றைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எது கிடைத்தாலும் ஸ்கேன் உண்டு, மாதாமாதம் இதே டாக்டர் உட்கார வைத்துக் கேட்பார். வெளிநோயாளிகள் பிரிவில் வருஷக்கணக்காக அதே வெள்ளை மாத்திரையை வாங்கி விழுங்கி, "பேசாம கர்ப்பப்பையை எடுத்துடலாமே" என்ற பேச்சு வரைக்கும் வந்துவிட்டவளுக்கு இது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. ஆனால் சேருவதற்கு ஒரு நிபந்தனை. ஒரு மாதம் உபயோகித்த நாப்கின்கள் அத்தனையையும் தனித்தனிக் கவரில் போட்டு, அவர்கள் தரும் நீல மூடி போட்ட டப்பாவில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் அவற்றை ஊறவைத்து எவ்வளவு இரத்தம் என்று அளப்பார்கள். அவர்கள் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால்தான் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள்.

"நீங்க கோட்டுக்கு ரொம்பக் கீழ இருக்கீங்க" என்றார் டாக்டர். "சில பேருக்குக் கொஞ்சமா போனாலே நிறையப் போற மாதிரி தோணும். அது தப்பில்ல."

"தோணலைங்க டாக்டர். போகுது."

"அளவு அப்படிச் சொல்லலையேம்மா."

"என் உடம்புல இரத்தமே இல்லன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க? அப்ப அது எங்க போச்சு?"

"அது சாப்பாட்டுல வர்ற குறை. கீரை சாப்பிடுறீங்களா?"

கீரை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த டாக்டரிடம் போனாலும் கடைசியில் கீரையில்தான் வந்து நிற்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவள் தின்றிருக்கும் கீரையைப் பார்த்தால் மாடே வெட்கப்படும். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்? இரும்புச்சத்து மாத்திரைக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஆராய்ச்சி நர்ஸ் மட்டும் கதவு வரைக்கும் வந்து, "வருத்தப்படாதீங்கக்கா" என்றாள்.

பிரேக்கக்கா என்பது டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் வைத்த பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் அங்கே இருக்கும் வரைக்கும் எந்த மகராசியும் யார் மேலும் ஏற்றிவிட முடியாது என்று ஸ்கூல் முழுக்கப் பேச்சு. வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இருக்கும், கால் ஒரு பக்கம் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். மாதத்தில் அந்த நாட்கள் வந்துவிட்டால் மட்டும் அவளுடைய சீட்டின் மேல் மடித்த கறுப்புத் துண்டு ஒன்று ஏறிவிடும். கறுப்புப் பேன்ட். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் பெட்ரோல் பங்க் பாத்ரூமுக்கு ஓட்டம். தும்மினால் பயம், சிரித்தால் பயம், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொள்கிற பயம். இதெல்லாம் வெறும் தோற்றம் என்று இப்போது ஒரு டப்பா சொல்லிவிட்டது.

டப்பா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அன்று சாயங்கால வகுப்பில் அவள் மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை நான்தான் எதையும் ஊதிப் பெரிசாக்குகிறேனோ? எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் போகிறதோ, அவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்களோ, எனக்குத்தான் பொறுமை போதவில்லையோ? வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். முன்னால் பள்ளிக்கூட வேன் ஒன்று சட்டென்று நின்றது. பிரேக்கக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் இருந்தது, பிரேக் இருந்தது, இரண்டும் சேருவதற்குள் வண்டி போய் வேனின் பின்பக்கத்தில் முட்டிவிட்டது. பெரிய அடி இல்லை, பம்பர் நசுங்கியதோடு சரி. வேனுக்குள்ளே இருந்த பிள்ளைகள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தன. டீச்சர்தான் நடுங்கிப்போய், "உங்க கால் இருக்குன்னுதானே நான் தைரியமா ஓட்டுறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்கூல் முதலாளி பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "உடம்பு முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்த வேலை இல்லை என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். துணிக்கடையில் சேல்ஸ்மேன். வீட்டுத் துணியைக்கூடக் கடைத் துணி மாதிரித்தான் மடிப்பார், கறை உள்ள பக்கம் உள்ளே, பளிச்சென்ற பக்கம் மேலே. அதிர்ந்து பேசாத மனுஷர். அவள் சுருண்டு படுத்திருக்கும் நாட்களில் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைப்பார், பாத்திரம் கழுவுவார். அந்த டப்பாவைக்கூட, அவளுக்கு எழுந்து நிற்க முடியாததால், கடைக்குப் போகிற வழியில் அவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். எந்த ஆம்பளை செய்வான் என்று அன்றைக்கு அவளுக்கு மனசு நெகிழ்ந்துதான் போயிருந்தது.

"நார்மலாம்" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அட, நல்லதாப் போச்சு! நான் அப்பவே சொல்லல?" அவர் முகம் மலர்ந்தது. "டப்பாவைப் பாத்து நர்ஸம்மா ஒண்ணும் சொல்லலையே? அன்னைக்கு மூடியே மூடமாட்டேன்னுடுச்சு. அப்புறம் நல்லதாப் பாத்து எடுத்து வச்சு, நீட்டா ஒட்டிக் குடுத்தேன்."

"நல்லதாப் பாத்துன்னா?"

"அதான்... கொஞ்சம் சுமாரா இருந்ததெல்லாம் வச்சேன். ரொம்ப மோசமா இருந்தத எப்படிம்மா வெளியாளுங்க கையில குடுக்கறது? கட்டிகட்டியா, பாக்கவே ஒரு மாதிரி... பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டுட்டேன். யூரின் டெஸ்டுக்கு என்ன குடம் நிறையவா குடுக்கறோம்? கொஞ்சம் குடுத்தாலே கண்டுபிடிச்சிடுவாங்கல்ல."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் விஷயம் புரியாமல் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தலைக்கு ஏறியது. மடித்து அடுக்கியிருந்த துணிக் குவியலை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள்.

"அதுதான்யா வியாதி! நீங்க தூக்கிப் போட்டீங்களே, அதுதான் என் வியாதி! வியாதியக் குப்பையில போட்டுட்டு மிச்சத்தக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க!"

"சத்தம் போடாதம்மா, பக்கத்து வீட்ல..."

"கேக்கட்டும். ஊருக்கே கேக்கட்டும்."

"நம்ம மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"யாரு மானம்? போற இரத்தம் என்னோடது, மானம் மட்டும் உங்களோடதா?"

அவர் குனிந்து துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். என்ன சொன்னாலும் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு தப்பிக்கிற சாமர்த்தியம். அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் தண்ணீரை அடித்தாள். கோபம் அடங்கவில்லை. அவர் மேல் இருந்தது, இருக்கத்தான் செய்யும். டாக்டர் மேல் இருந்தது. "இதுல எல்லாம் இருக்கா, ஏதாவது விட்டுப்போச்சா" என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கேட்டிருந்தால் ஆகாதா? வாயுள்ள ஆள் சொன்னதை விட்டுவிட்டு வாயில்லாத டப்பா சொன்னதைத்தானே நம்பினார்கள்? எல்லாவற்றையும்விட அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு ஒரு பகல் முழுக்க அவளும்தான் டப்பாவை நம்பினாள். சொந்த உடம்பு கத்திக்கொண்டிருந்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் நர்ஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, ஒருத்தருக்கு ஒரு தடவைதான் அளக்கணும்னு விதி. கோட்டுக்குக் கீழ வந்தவங்க மறுபடி கொண்டு வந்தா, சேரணும்கிறதுக்காக எதையாவது கலந்துடுவாங்களோன்னு ஒரு பயம்."

"எதைக் கலப்பாங்களாம்? பீட்ரூட் சாறா?"

நர்ஸ் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "அடுத்த மாசத்தோட ஆள் சேர்க்கறதையே நிறுத்திடுவாங்க. டாக்டர் ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா டப்பா என்கிட்ட இருக்கு. வந்து வாங்கிக்கோங்க."

"ரெண்டா குடு" என்றாள் பிரேக்கக்கா.

அந்த மாதம் அவள் டப்பாக்களை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வைக்கவில்லை. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். கணவர் முதல் நாள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டார், அவள் எடுத்து வீசினாள். மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். போக்கு அதிகமான நாட்களில் ஒவ்வொரு கவராக அவள் தள்ளாடித் தள்ளாடிக் கொண்டுவந்து போடுவதை, எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அவர் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு தடவை, "இவ்வளவா?" என்று அவர் வாயிலிருந்து வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்திருக்கிறது, பதிலுக்கு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் இரண்டு டப்பாவும் நிறைந்திருந்தன. அவர் கடையின் பெரிய துணிப்பையைக் கொண்டுவந்தார். பூப்போட்ட பை, காதில் குஞ்சம் வேறு.

"பை வேண்டாம். அப்படியே தூக்கிட்டு வாங்க."

"நானா?"

"போன தடவை கொண்டுபோனது நீங்கதானே? வழி தெரியும்ல."

பயிற்சிக் காரை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவள் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலடியில் அவள் வழக்கமாக மிதிக்கிற அந்த இன்னொரு பிரேக். வேகமாகத் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் கால் தன்னை அறியாமல் அதைத் தேடிப் போவதைப் பார்த்து, "அதத் தொடாதீங்க" என்றாள்.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். கர்ப்பிணிகள், அவர்களோடு வந்த தாய்மார்கள், சுவரில் சாய்ந்து போன் பார்க்கும் கணவன்மார்கள். ஒரு பெரியம்மா தள்ளி உட்கார்ந்து இவருக்கு இடம் கொடுத்தாள். மேலே இருந்த டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கைக்குட்டையை எடுத்து மேலே விரித்தார். பிரேக்கக்கா அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன தம்பி அது, சாப்பாடா?" என்று கேட்டாள் பெரியம்மா.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவி வராது என்று தெரிந்தது.

"இல்லைங்க... இவளோட இரத்தம்" என்றார். குரலே எழும்பவில்லை.

பெரியம்மா டப்பாவைப் பார்த்தாள், பிறகு பிரேக்கக்காவின் வெளுத்த உதட்டைப் பார்த்தாள். "அத்தனையுமா?" என்றாள். கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். டாக்டர் அறையில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்த கேள்வி அது. பிரேக்கக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. நர்ஸும், அவள் பின்னால் டாக்டரும். நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். டாக்டரின் முகத்தில் விதி அப்படியே எழுதியிருந்தது.

"அம்மா, நர்ஸ் சொல்லியிருப்பாங்களே, ரெண்டாவது தடவை எடுத்துக்க..."

"நான் எதுவும் பேச வரல டாக்டர்" என்றாள் பிரேக்கக்கா. எழுந்திருக்கவில்லை. "இவர்தான் பேசணும். போன தடவை என்ன பண்ணினார்னு சொல்லுவார். இங்கயே, எல்லார் முன்னாலயும்."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பேசுவதற்குக் கை இல்லாமல் முடியாத மனுஷர், கடையில் துணியை விரித்து விரித்தே பேசிப் பழகியவர். மூடியை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

மூடி பட்டென்று மேலே எழும்பியது. டாக்டர் குனிந்து பார்த்தார். கணவர் அதை மறுபடி அழுத்தவில்லை.